அரிசி அறை வாசல்

கோணிப்பை போட்டிருந்தவன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. தலையை ஒருமுறை ஆட்டினான். காஜா பெராங் சாலையில் கால் நூற்றாண்டாக அரிசி அளந்துகொண்டிருந்த அப்துல் கய்யூமைப் போலீஸ் லாரியில் ஏற்ற அது போதுமானதாக இருந்தது.

அது 1952. வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துத் துப்பாக்கியோடு காட்டில் இருந்தவர்களை அதுவரை கொள்ளைக்காரர்கள் என்று அழைத்துவந்த அரசாங்கம், இனிமேல் பயங்கரவாதிகள் என்றே எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தது. எந்தப் பெயரில் அழைத்தாலும் அவர்களுக்கு ஒரு பிடி அரிசி கொடுத்தவன் வீட்டுக்குத் திரும்புவதில்லை. கோர்ட்டும் சாட்சியும் இல்லாமலே அவனுக்கு முகாம் கிடைக்கும், அல்லது கப்பல்.

கய்யூமுக்குக் கப்பல் என்று முடிவாகியிருந்தது. சிறுவயதில் விட்டுவந்த நாகப்பட்டினத்துக்கே திருப்பி அனுப்பப் போகிறார்கள். அவர் மனைவி மும்தாஜ் இந்த ஊர்த் தெங்கேராவில் பிறந்தவள். நாகப்பட்டினம் அவளுக்குக் கணவனின் பேச்சில் வரும் ஒரு பெயர் மட்டும்தான்.

ஒரே ஒரு கதவு இன்னும் சாத்தப்படாமல் இருந்தது. வியாழக்கிழமை மறுபரிசீலனைக் குழு கூடுகிறது. கோணிக்காரனுக்குக் கய்யூம் மீது பழைய பகை இருந்தது என்று காட்ட முடிந்தால் குழு யோசிக்கும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். ஆனால் கோணிக்குள் இருந்தது யார் என்பதைப் போலீஸ் சொல்லாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் மும்தாஜ் தம்பிராஜாவை அழைத்திருந்தாள்.

தம்பிராஜா முன்பு கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். இப்போது காணாமல்போன நகைகளையும் மனிதர்களையும் தேடிக்கொடுப்பவர். ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வந்த பிறகும் வெகுநேரம் சும்மா இருப்பார். அந்த மௌனங்களை நிரப்பத்தான் தனக்குச் சம்பளம் என்று நம்புகிறவன் அவருடைய உதவியாளன் மருதமுத்து.

"மறுபடி சொல்லுங்க லாத்தா," என்றார் தம்பிராஜா.

"எத்தனை தடவை சொல்றது ராஜா சார்?" மும்தாஜ் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "லாரி வந்து நின்னுச்சு. அஞ்சாறு போலீஸ் மாத்தா, ஒரு வெள்ளைக்காரத் தொரை. நடுவுல அவன். தலையிலேருந்து இடுப்பு வரைக்கும் கோணி. கண்ணுக்கு ரெண்டு ஓட்டை. கையில துணி சுத்தியிருந்தாங்க, காலுக்கு போலீஸ் பூட்ஸ். ஒரு நகம்கூட வெளிய தெரியல."

"உயரம்?"

"கூனிக்கிட்டே வந்தான்."

"குரல்?"

"பேசினாத்தானே?"

"நல்ல சாட்சி," என்றான் மருதமுத்து. "குறுக்கு விசாரணை பண்ணினாலும் கோணியைத்தான் பண்ணணும்."

தம்பிராஜா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. "வந்ததும் நேரா கய்யூம் நானாவைப் பார்த்துத் தலையாட்டினானா?"

"இல்ல. எந்தக் கதவு வழியா அரிசி போச்சுன்னு தொரை கேட்டாரு. இவன் உள் அறையைக் காட்டினான். மாத்தாங்க பூட்ஸோட தபதபன்னு உள்ள ஏறினாங்க. பாருங்க, அந்தச் சேறு இன்னும் அப்படியே கெடக்கு. தொடைக்க மனசு வரல." அவள் அறைக்குள் கைகாட்டினாள். "அவன் மட்டும் வாசல்ல நின்னு பூட்ஸைக் கழட்டினான். துணி சுத்தின வெரல்ல கயிறு அவுரல. இடது கையால நிலையைப் புடிச்சுக்கிட்டு, ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டு... ஒரு மாத்தா 'செப்பாட், செப்பாட்'டுன்னு சீக்கிரம் வரச் சொல்லிக் கத்தறாரு. அவன் பாட்டுக்கு அவுக்கிறான். ரெண்டையும் சொவரோரமா வச்சுட்டுத்தான் உள்ள போனான். வெளிய வந்தப்புறம்தான் எங்க வீட்டுக்காரங்களைப் பார்த்துத் தலையாட்டினான். பாவி. ஆனா வந்த கூட்டத்துல மரியாதை தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான்."

தம்பிராஜா அரிசி அறையின் வாசலைப் பார்த்தார். கருத்த மரநிலை. இடது பக்கம் இடுப்பு உயரத்தில் பல வருஷக் கைகள் பட்டு மழமழப்பாகியிருந்தது. உள்ளே இருட்டு, சாக்கு வாசனை, தரையில் காய்ந்த பூட்ஸ் தடங்கள். அவர் வெகுநேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைக்குள்ள நாங்க செருப்போடதான் நிக்கிறோம்," என்றார் கடைசியில்.

"கடையில பரவாயில்ல சார். அந்த அறையில மட்டும்தான் கூடாது. சோறாகப் போறதைச் செருப்போட சுத்தி வரலாமான்னு அவுங்க கேப்பாங்க. ஊர்ல எந்தக் கடையிலயும் இல்லாத சட்டம் இது."

"வாங்க வர்றவங்க அங்க போவாங்களா?"

"எதுக்குப் போறாங்க? அரிசி இங்க வரும்."

"சரி லாத்தா," என்று எழுந்துகொண்டார்.

வெளியே வந்ததும் மருதமுத்து சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டினான். "ஒண்ணும் கெடைக்கல, இல்ல சார்? முகம் இல்லாதவனை எங்க தேடறது? ஊர்ல இருக்கிற கோணியெல்லாம் அவுத்துப் பாக்கணும் போலிருக்கு."

"முகத்தை மூடினாங்க, கையை மூடினாங்க, காலுக்கு பூட்ஸ் போட்டாங்க. போலீஸ்மேல குத்தம் சொல்ல முடியாது மருது. அவனேதான் திறந்து காட்டிட்டான்."

மருதமுத்து கொஞ்சம் யோசித்தான். பிறகு மெதுவாக விசிலடித்தான். "அந்த அறையில செருப்பு கூடாதுன்னு வெளியாளுக்குத் தெரியாது."

"தெரிஞ்சாலும் அன்னைக்கு ஞாபகம் வராது. பின்னால துப்பாக்கி, முன்னால தொரை. அப்பவும் கை தானா கயிறுக்குப் போகுதுன்னா அது மரியாதை இல்ல. பழக்கம். அந்த அறைக்குள்ள நாள் முழுக்கப் போய் வந்துக்கிட்டிருந்தவன்."

"லாத்தாகிட்டயே கேட்டிருக்கலாமே, யார் யாரு அங்க வேலை பார்த்தாங்கன்னு."

"கேட்டா எதுக்குன்னு அவங்களுக்குப் புரிஞ்சிடும். உறுதியாகாம ஒருத்தன் பேரை ஒரு பொம்பளை கையில குடுக்கக் கூடாது. அந்தத் தப்பைத்தான் இப்ப போலீஸ் பண்ணியிருக்கு."

எதிர்ச்சாரியில் சலூன் வைத்திருந்த பொன்னுதுரைக்குக் கய்யூம் கடையின் வாசல்தான் பொழுதுபோக்கு. மருதமுத்து முகத்துக்குச் சோப்பு போட்டுக்கொள்ள உட்கார்ந்தான். கேள்விகளைத் தம்பிராஜா கேட்டார்.

"அரிசி அறை வேலையா? ரெண்டே பேருதான் சார். லாத்தாவோட அண்ணன் ஷரீஃபுதீன். கடை லைசென்ஸே அவர் பேர்லதான் இருக்கு, ஆனா ஆளு பினாங்கு போயி வருஷக்கணக்காச்சு. அதுக்கப்புறம் நல்லையா. இப்ப புக்கிட் ரம்பாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல லாரி ஓட்டறான்."

"நானாவுக்கும் நல்லையாவுக்கும் எப்படி?"

பொன்னுதுரை கத்தியைத் துணியில் துடைத்தார். "சேர்ந்த புதுசுல ஒருநாள் செருப்போட அந்த அறையில ஏறிட்டான். நானா விட்டாரு பாருங்க ஒரு அறை! இங்க உக்காந்திருந்தவன் கன்னத்துல நான் கத்தியை நழுவ விட்டுட்டேன். சாலை பூரா வேடிக்கை பார்த்துச்சு. அந்தப் பய தலை நிமிரவே இல்ல."

மருதமுத்து சோப்பு நுரைக்குள்ளிருந்து தம்பிராஜாவைப் பார்த்தான். பகை கிடைத்துவிட்டது.

புக்கிட் ரம்பாய் போகும் வழியில் போலீஸ் தடுப்பு இருந்தது. தோட்டங்களுக்குள் உணவு கொண்டுபோகக் கூடாது. தகர டின்னில் அடைத்த உணவை விற்றால்கூட மூடியில் ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும், காட்டில் சேமித்து வைக்க முடியாதபடி. கான்ஸ்டபிள் மருதமுத்துவின் சைக்கிள் பையில் கைவிட்டு ஒரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை எடுத்தார்.

"இது காட்டுக்குப் போகாது மாத்தா. என் வயித்துக்குத்தான் போகும்."

கான்ஸ்டபிள் பேசாமல் தடுப்புக்கு இந்தப்பக்கத்துத் தரையைக் காட்டினார். மருதமுத்து அங்கேயே குந்தி, அவர் கண் முன்னால் கடைசிப் பருக்கைவரை தின்று முடித்தான். இலையை விரித்துக் காட்டினான். "வயித்தைத் தொறந்து பாக்கறீங்களா? இல்ல, அதுலயும் ஒரு ஓட்டை போட்டு அனுப்புவீங்களா?"

கான்ஸ்டபிளுக்குத் தமிழ் தெரியாததால் இருவரும் தடுப்பைத் தாண்டினார்கள்.

தோட்டத்து லாரிக் கொட்டகையில் நல்லையா ஒரு லாரிக்கு அடியில் படுத்துக்கிடந்தான். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. வெறுங்கால்கள். தம்பிராஜா அவற்றின் அருகில் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்தார். லாரிக்கு அடியில் ஸ்பானர் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது.

"யாரு?"

"துணி சுத்தின வெரலோட பூட்ஸ் கயிறு அவுக்கறது கஷ்டம்தான் நல்லையா," என்றார்.

ஸ்பானர் சிமெண்டில் விழுந்தது.

அவன் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. முப்பது வயதிருக்கும். முகத்தில் எண்ணெய்க் கறை. எழுந்து நிற்காமல் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்.

"யார் சொன்னாங்க?"

"நீதான். அரிசி அறை வாசல்ல நின்னு எல்லாருக்கும் சொன்னே. யாருக்கும் காது கேக்கல, அவ்வளவுதான்."

நல்லையா தன் பாதங்களைப் பார்த்தான். அவை யாரோ ஒருவனுடையவை என்பதைப் போலப் பார்த்தான்.

"எனக்கே தெரியாது சார். கழட்டினேனா?"

"ஒரு அறை வாங்கின கோபத்தை இவ்வளவு நாள் வச்சிருந்தியா?" என்று கேட்டான் மருதமுத்து. "சோத்துக்கே கெடுபிடி வச்சிருக்கற காலம்டா இது. கோபத்தை மட்டும் எப்படி மூட்டை கட்டி வச்சே?"

"கோபமா? அடிச்ச அன்னைக்கே கூட உக்கார வச்சு சோறு போட்டவருண்ணே அவரு. என் கல்யாணத்துக்கு அரிசி மூட்டை அவரே தூக்கிட்டு வந்தாரு."

"அப்ப ஏன் பொய் சொன்னே?"

நல்லையா நிமிர்ந்தான். "பொய் சொல்லல."

தம்பிராஜாவின் மௌனங்கள் பலவிதம் என்று மருதமுத்துவுக்குத் தெரியும். இது அவனுக்குப் பழக்கமில்லாதது. தரை விலகிப்போன ஒரு மனிதனின் மௌனம்.

"நானா குடுத்த அரிசிதான் சார். என் தம்பி தியாகு யூனியன்ல இருந்தவன். நாப்பத்தெட்டுல ஆளுங்களைப் புடிக்க ஆரம்பிச்சப்ப காட்டுக்குள்ள ஓடிட்டான். கெழங்கு தின்னு ரத்தமா போகுதுன்னு ஆள் சொல்லி அனுப்பியிருந்தான். நானாகிட்ட போய் நின்னேன். தியாகுவுக்குன்னு சொல்லித்தான் கேட்டேன். பின்கதவைத் தொறந்து அளந்து குடுத்தாரு. தோட்டத்துக் கேட்டுல மாத்தாங்க லாரி சீட்டைத் தூக்கிப் பாத்துட்டாங்க." அவன் கைகளைத் தொடையில் துடைத்தான். கறை போகவில்லை. "யாரு குடுத்தது, சொல்லு, இல்லாட்டி உனக்குத் தூக்குக் கயிறுன்னாங்க. எம் பொண்டாட்டி ருக்மணி மாசமா இருக்கா. நானாவுக்குப் பெரிய மனுசங்களத் தெரியும், பள்ளிவாசல் ஆளுங்க வருவாங்க, ரெண்டு நாள்ல வெளிய வந்துருவாருன்னு நெனச்சேன். எனக்குன்னு யாரு சார் வருவா?"

"அப்ப உன்னைச் சும்மா விட்டுட்டாங்களா?"

"என்னைப் புடிச்சதையே எழுதாம மறைச்சுட்டாங்க. கோணி போட்டா வீட்டுக்குப் போகலாம்னாங்க. போட்டேன்."

திரும்பும் வழியில் தம்பிராஜா சைக்கிள் காரியரில் உட்கார்ந்திருந்தார். மருதமுத்து மிதித்தபடியே கணக்கைச் சரிபார்த்தான். "இருந்தாலும் நம்ம கையில எல்லாம் இருக்கு சார். அறைஞ்ச கதைக்கு சலூன்காரர் சாட்சி. அரிசி இவன் லாரியிலதான் மாட்டுச்சு. தன் கழுத்தைக் காப்பாத்திக்க முதலாளியை மாட்டி விட்டான்னு சொன்னா குழு நம்பும். நானா குடுத்தாருன்னு யாரு பாத்தா?"

"நல்லையா?"

"அவனை அப்புறம் போலீஸால மறைக்க முடியாது. அரிசி கடத்தினவன்னு கோர்ட்டுக்குப் போவான். அதுல தப்பிச்சா, காட்டிக்கொடுத்தவன்னு காட்டுக்காரங்க வருவாங்க."

"அவ்வளவு சுலபம்," என்றார் தம்பிராஜா.

லாக்கப்பில் கய்யூம் சுவரோரமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். இடுப்பில் அவருடைய அகலமான பச்சை பெல்ட் இல்லை. அது இல்லாமல் கைலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே எழுந்தார். வக்கீலின் ஆள் என்று சொல்லி உள்ளே வந்திருந்த தம்பிராஜா கம்பிக்கு வெளியே நின்றார்.

"நல்லையாவைப் பாத்துட்டு வர்றேன் நானா."

கய்யூமின் முகத்தில் ஆச்சரியம் இல்லை. "மும்தாஜ்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"பூட்ஸுல கைய வச்சானே, அப்பவே தெரிஞ்சு போச்சு. நிலையை அவன் பிடிக்கிற இடத்துலதான் பிடிச்சான்." அவர் கம்பியருகே வந்தார். "தொரை பாத்துக்கிட்டே இருக்காரு. கழட்டாதடா மடையா, கழட்டாதன்னு மனசுக்குள்ள கத்தினேன்."

"அரிசி குடுத்தீங்களா?"

"அளந்து குடுத்தேன்."

"அந்தக் கூட்டம் பஸ்ஸை எரிச்ச கூட்டம். தோட்டத்து ஆளுங்களையே சுட்ட கூட்டம்."

"எனக்குத் தெரியாதா? எரிஞ்ச பஸ்ஸுல என் வாடிக்கைக்காரர் ஒருத்தர் செத்துப் போனாரு. தியாகு எரிச்சானா, பக்கத்துல நின்னானா, எனக்குத் தெரியல. அவன் அண்ணன் வந்து சோத்துக்குக் கேட்டான். அளந்துட்டேன். அளந்தப்புறம் ரொம்ப நாளைக்கு லாரி சத்தம் கேட்டாலே வாசலை எட்டிப் பாப்பேன்." கைலியை இழுத்துப் பிடித்துக்கொண்டார். "நான் தைரியசாலி இல்ல சார். அதையும் எழுதிக்குங்க."

"வியாழக்கிழமை நல்லையா பேரைச் சொன்னா நீங்க வெளிய வரலாம்."

"சொன்னா அவன் தொங்குவான். நான் கப்பல்ல போனா, போற எடத்துலயாச்சும் சோறு திங்கலாம். அவன் பொண்டாட்டி மாசமா இருக்கா. சொல்லாதீங்க."

"என்னை வேலைக்கு வச்சது நீங்க இல்ல. லாத்தா."

"அதான் உங்ககிட்ட கெஞ்சறேன்."

தம்பிராஜா கம்பியிலிருந்து நகர்ந்தார். போகத் திரும்பியபோது கய்யூம் கம்பிக்குள்ளிருந்து கூப்பிட்டார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த அரிசி போய்ச் சேந்துச்சா?"

"இல்ல நானா. லாரி சீட்டுக்கு அடியிலயே எடுத்துட்டாங்க."

கய்யூம் தலையசைத்தார். பிறகு மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். கைலி அவிழ்வதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை குழுவின் அறைக்கு வெளியே வக்கீல் ஓடிவந்து கேட்டார். "ஏதாவது கிடைச்சுதா?"

மருதமுத்து தம்பிராஜாவின் முகத்தைப் பார்த்தான். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல," என்றார்.

ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே குழு கூடியது. உத்தரவு அப்படியே நின்றது. கய்யூமை லாரியில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள். கடைசிக் கணத்தில் போலீஸ் திருப்பிக் கொடுத்த பச்சை பெல்ட்டை அவர் கட்டிக்கொள்ளவில்லை. வீட்டில் கொடுக்கச் சொல்லித் தம்பிராஜாவிடம் நீட்டினார்.

அதைக் கொடுக்கத் தம்பிராஜாவும் மருதமுத்துவும் போனபோது கப்பல் புறப்பட்டு நாளாகியிருந்தது. கடை திறந்திருந்தது. ரேஷன் அரிசிக்கு வரிசை நின்றது. மும்தாஜ் பெல்ட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"யாருன்னு கடைசி வரைக்கும் தெரியல, இல்ல?"

"மன்னிச்சிடுங்க லாத்தா."

"உங்க மேல என்ன தப்பு? தெரிஞ்சா மட்டும் என்ன பண்ணியிருக்கப் போறேன். முகம் தெரிஞ்சா வெறுக்கறதுக்கு வசதியா இருக்கும், அவ்வளவுதான். இப்ப எதிர்ல வர்ற ஒவ்வொருத்தனையும் இவனா இருக்குமோன்னு பாக்க வேண்டியிருக்கு." அவள் பெல்ட்டின் வாரை விரலால் நீவினாள். "அல்லா ஒரு வழியும் விட்டிருக்கான். நம்ம நல்லையாவுக்கு ஆள் அனுப்பினேன். லாரி வேலைய விட்டுட்டு ஓடி வந்துட்டான். சம்பளமே வேணாங்கறான். இந்தக் காலத்துல யாரு இருக்கா அப்படி? நேத்து வரைக்கும் பாசார்லயும் கிடங்குலயும் அலைஞ்சான். இன்னைக்குத்தான் அரிசி வந்திருக்கு."

மருதமுத்து தம்பிராஜாவின் சட்டையை லேசாக இழுத்தான். "போயிடலாம் சார்."

அதற்குள் நல்லையா தோளில் மூட்டையோடு பின்பக்கத்திலிருந்து வந்தான். தம்பிராஜாவைப் பார்த்ததும் நின்றான். பிறகு பார்க்காதவன்போல மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அரிசி அறைப் பக்கம் திரும்பினான். வாசலுக்கு வந்ததும் அவன் இடது கை நிலையின் மழமழப்பான இடத்தைப் பிடித்தது. ஒற்றைக் காலில் நின்றான். குனிந்து ஒரு செருப்பைக் கழற்றிச் சுவரோரமாக வைத்தான்.

பெல்ட்டை நீவிக்கொண்டிருந்த மும்தாஜின் விரல் நின்றது.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். குனிந்த முதுகைப் பார்த்தாள். சுவரோரமாக இருந்த செருப்பைப் பார்த்தாள். அறைக்குள் அவள் துடைக்காமல் விட்டிருந்த சேற்றுத் தடங்களில் போய் அவள் பார்வை நின்றது. பிறகு தம்பிராஜாவிடம் திரும்பியது. அவர் தலைகுனிந்துகொண்டார். அவள் கேட்க நினைத்த எல்லாவற்றுக்கும் அதுவே பதிலாக இருந்தது.

வரிசையில் யாரோ, "லாத்தா, அரிசி!" என்று கூப்பிட்டார்கள்.

"நல்லையா," என்றாள் மும்தாஜ். குரல் உயரவில்லை.

"லாத்தா?"

"கழட்டாத. இனிமே செருப்போடயே உள்ள வா."

நல்லையா ஒரு காலில் செருப்போடும் மறுகால் வெறுமையாகவும் வாசலிலேயே நின்றான். உள்ளேயும் போகவில்லை. வெளியேயும் வரவில்லை. மும்தாஜ் எழுந்து, கணவரின் பெல்ட்டைத் தன் இடுப்பில் சுற்றி இறுக்கிக்கொண்டு, அவனைத் தாண்டி உள்ளே போய், அரிசி அளக்க ஆரம்பித்தாள்.